பூட்டன் நொடிந்துதான் வந்தாரா? ஒரு கணக்குக் கொப்பியும் இரண்டு உறுதிகளும்

கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் பூட்டன் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்காரர், குருநாகலில் சுருட்டுக் கடை வைத்திருந்தார், கடைசியில் நொடிந்துபோய் ஊருக்குத் திரும்பினார் என்று வீட்டில் சொல்வார்கள். மிஞ்சியிருப்பது ஒரு கணக்குக் கொப்பியும் இரண்டு காணி உறுதிகளும் (காணிப் பத்திரங்கள்) மட்டும். இவற்றை வைத்து அப்படிப்பட்ட சின்ன வியாபாரியின் வாழ்க்கையை அறிய முடியுமா என்று கேட்டு, கொப்பியின் சில பக்கங்களையும் உறுதிகளையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன். அவர் உண்மையிலேயே நொடிந்தவரா, அல்லது அது சொல்லிச் சொல்லி நிலைத்துப்போன கதையா? அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: நீங்கள் போட்ட காகிதங்களின்படி, 1923 வரை அவர் நொடியவில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு கந்தோரில் 32 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். பழைய உறுதிகளை வாசித்து, யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று வரிசைப்படுத்துவதுதான் வேலை. வியாபாரக் கணக்கு வாசிக்கப் பழகியது என் பெரியப்பாவிடம். அவரும் கண்டிப் பக்கம் கடை வைத்திருந்தவர். ஆகவே உறுதி பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கொப்பி பற்றிச் சொல்வதில் கொஞ்சம் ஊகம் கலந்திருக்கும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காலம். கொப்பியின் முதல் பக்கத்தில் "ஆனந்த ௵ சித்திரை" என்று இருக்கிறது. அந்தச் சுழித்த எழுத்து வருடம் என்பதன் குறி. ஆனந்த வருடம் அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1854, 1914, 1974. இதில் அவசரப்படக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஒற்றிச் சீட்டின் காலத்தை அறுபது வருடம் பிந்திக் கணக்குப் போட்டு, இறந்தவர் கையெழுத்து வைத்ததாக ஒரு குடும்பத்தையே குழப்பியிருக்கிறேன். உங்கள் கொப்பியில் அந்தச் சந்தேகம் இல்லை. கணக்கு ரூபாயிலும் சதத்திலும் இருக்கிறது. இலங்கையில் சதம் வந்தது 1872இல். மூன்றாவது பக்கத்தில் "றெயில் கூலி" என்று ஒரு செலவு. 1854இல் இலங்கையில் ரயிலே கிடையாது. 1974இல் உங்கள் பூட்டன் உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆகவே 1914 ஏப்ரல் நடுப்பகுதி. இது நிச்சயம்.

அடுத்தது, நீங்கள் தலைகீழாக வாசித்திருக்கும் ஒரு விஷயம். "எல்லாப் பக்கத்திலும் பற்று, பற்று என்றே இருக்கிறது, இவ்வளவு கடன் பட்டிருக்கிறாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். வியாபாரிக் கணக்கில் ஓர் ஆளின் பெயருக்குக் கீழே பற்று (௶) என்று போட்டால், அந்த ஆள் கடையிலிருந்து எடுத்தது என்று பொருள். வரவு (௷) என்றால் அவர் கொண்டுவந்து கட்டியது. அதாவது உங்கள் பூட்டன் கடன் பட்டிருக்கவில்லை, ஊருக்குக் கடன் கொடுத்திருக்கிறார். அந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் சிங்களப் பெயர்கள். அப்புகாமி, பண்டா என்று தமிழ் எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். சிறுபோகம், பெரும்போகம் அறுவடை முடிந்தபின் வரவு விழுவதையும் பார்க்கலாம். நெல் வந்தால்தான் காசு. சுருட்டு, வெற்றிலை, மண்ணெண்ணெய் எல்லாம் நெல்லை நம்பிக் கொடுத்த கடன். முதல் வரியில் பிள்ளையார் சுழிக்குக் கீழே "லாபம்" என்று எழுதியிருப்பதை ஏதோ தொகை என்று நினைக்கவேண்டாம். அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்களே, அந்த வழக்கம்தான். இன்னொன்று: உ என்ற எழுத்து இரண்டு என்ற எண்ணும்கூட. பக்கத் தலைப்பில் இருக்கும் உ சுழி, தொகைப் பத்தியில் இருக்கும் உ எண்.

இனிப் புகையிலை. 17ஆம் பக்கத்தில் "மலையாளம் சிப்பம் 6" என்று இருப்பதைப் பார்த்து, பூட்டன் கேரளத்துக்குப் போனாரா என்று கேட்டிருந்தீர்கள். போயிருக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலையில் வெற்றிலையோடு சப்புவதற்கென்று பாடம் போட்டு மலையாள நாட்டுக்கு அனுப்பும் தரத்துக்கு மலையாளப் புகையிலை என்றே பெயர். திருவாங்கூர்க்காரருக்கு அதில்லாமல் வெற்றிலை இறங்காது. இன்றும் அங்கே வயதானவர்கள் யாழ்ப்பாணப் புகையிலை என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். திருவாங்கூர் அரசு வரியை மாற்றும்போதெல்லாம் வலிகாமத்துத் தோட்டத்தில் விலை ஆடும். சுருட்டுக்குப் போவது வேறு இலை. சிப்பம் என்பது பனையோலைப் பாயில் இறுக்கிக் கட்டிய பொதி. சுருட்டுக் கடைக்காரர் ஒருவர் மலையாளச் சிப்பம் ஆறு வைத்திருந்தால், தன் கடைக்குச் சரக்கு வாங்கியதோடு நிற்காமல், விலை பார்த்து விற்கவும் கொஞ்சம் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம். அதே பக்கத்தின் கீழே மங்கிக்கிடக்கும் இரண்டு வரி தெளிந்தால்தான் தெரியும்.

சுருட்டு எங்கே செய்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். பெரும்பாலும் ஊரில். ஒரு கொட்டிலில் ஆட்கள் வரிசையாகப் பலகைக்கு முன் உட்கார்ந்து, காம்பு கிழித்து, கோடா என்ற பதப்படுத்தும் கரைசல் தெளித்த இலையைச் சுருட்டுவார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். ஆகவே ஒருவர் பேப்பர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிப்பவருக்கான கூலியைச் சுருட்டுகிறவர்கள் பங்குபோட்டுக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத பலர் உலக நடப்பை விரல்நுனியில் வைத்திருந்ததற்கு இந்தக் கொட்டில்கள்தான் காரணம். கட்டுக் கட்டாக அடுக்கிய சுருட்டு பெட்டியில் ஏறி ரயிலில் தெற்கே போகும்.

குருநாகல் ஏன் என்று கேட்டால், பதில் ரயில் பாதையில் இருக்கிறது. பொல்காவலையிலிருந்து குருநாகலுக்கு 1894இலேயே பாதை வந்துவிட்டது. வடக்கே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905 ஓகஸ்டில் யாழ்ப்பாணமும் கொழும்பும் ஒரே பாதையில் இணைந்தன. அதற்குமுன் தெற்கே வியாபாரத்துக்குப் போவதென்றால் வண்டியில் காட்டுவழி, இல்லாவிட்டால் தோணி. 1905க்குப் பிறகு, வேண்டுமான ஸ்டேசனில் சுருட்டுப் பெட்டியோடு இறங்கலாம். குருநாகல், மாகோ, அனுராதபுரம் என்று பாதையோரம் யாழ்ப்பாணத்தார் கடைகள் பெருகியது இப்படித்தான். உங்கள் பூட்டன் அந்த முதல் தலைமுறையில் ஒருவர் என்று கொள்ளலாம்.

கடை வாழ்க்கை எப்படி என்று பெரியப்பா சொல்லிக் கேட்டதைச் சொல்கிறேன். எல்லாக் கடைக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் மற்றவர்களிடம் கேட்டதோடும் ஒத்துப்போகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊர்ப் பெடியன் ஒருவன் சொந்தக்காரர் கடைக்குப் போவான். சம்பளம் மாதாமாதம் கையில் வராது, வருடக் கடைசியில் கணக்குப் பார்த்துத்தான். பகலில் கடை, இரவில் அதே கடையில் பாய். முறைவைத்துச் சமையல். ஆறு மாதத்தில் சிங்களம் பேசவந்துவிடும், எழுத வராது. அந்தக் கடைக்காரரைத் தமிழர் அழைத்ததும் முதலாளி, சிங்களவர் அழைத்ததும் முதலாளி. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். பெண்சாதி பிள்ளைகள் ஊரில். வருடத்தில் இரண்டு மூன்று முறை வருவார்கள், அதில் நல்லூர்த் திருவிழா கட்டாயம். (பிள்ளைகளின் பிறந்த மாதங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் குவிந்திருந்தால் அவர் ஆவணியில் ஊருக்கு வந்துபோனவர் என்று தைரியமாக எழுதலாம். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை, இரண்டு குடும்பங்களில் இப்படிப் பார்த்துச் சரிவந்திருக்கிறது.)

சரி, கடைக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது? கொப்பியில் மாதாமாதம் ஒரே தேதியில் "சீட்டுக்காசு" 5 ரூபாய் போகிறது. ஒரு மாதம் மட்டும் பெரிய தொகை வரவாக வருகிறது. கழிவுச் சீட்டு (தொகையில் அதிகம் கழித்துக் கேட்பவருக்குக் கொடுக்கும் சீட்டு) பிடித்து எடுத்திருக்கிறார். சீட்டு நடத்தும் தாச்சியின் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. அது ஒரு வழி. இன்னொரு வழியைத்தான் உங்கள் முதல் உறுதி காட்டுகிறது. 1912இல் எழுதிய ஒற்றி உறுதி. ஆறு பரப்புத் தோட்டக் காணி, 300 ரூபாய். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் இது அரை ஏக்கர்கூட இல்லை. ஒற்றி என்றால், காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை ஆண்டு அனுபவிப்பார், காசைத் திருப்பிக் கொடுத்தால் காணியை விட்டுவிடுவார். காணி யாருடையது என்று பாருங்கள். உறுதியில் முதலில் இருப்பது உங்கள் பூட்டியின் பெயர். "எனக்குச் சீதனமாய்க் கிடைத்து" என்று வருகிறது. பூட்டன் பெயர் இரண்டாவதாக, சம்மதம் கொடுத்தவராக. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவன் சம்மதம் வேண்டும். கீழே பூட்டன் கையெழுத்து, பூட்டிக்குப் புள்ளடி. அதாவது குருநாகல் கடையின் மூலதனத்தில் ஒரு பகுதி, பூட்டியின் சீதனக் காணி. தேதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த 300 ரூபாய் கடைக்குத்தான் போனது என்று உறுதியில் எழுதியில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இரண்டாவது உறுதி 1923ஆம் ஆண்டுச் சீதன உறுதி. மூத்த மகளுக்குக் கலியாணத்தில் கொடுத்தது. காணியின் பெயரைப் பாருங்கள், அதே பெயர். எல்லைகளைப் பாருங்கள், கிழக்கில் இருந்தவர் இறந்து அவருடைய மகன் பெயர் வந்திருப்பதைத் தவிர எல்லாம் அதே எல்லை. அதே ஆறு பரப்பு. ஒற்றியில் கிடந்த காணி பதினொரு வருடத்துக்குப் பிறகு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. நொடிந்தவரால் இது முடியாது. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒற்றியை மீட்காமலே, ஒற்றிக்கு உட்பட்டது என்று எழுதிக் காணியைக் கொடுக்கவும் முடியும். உங்கள் உறுதியில் "யாதொரு ஈடு ஒற்றி வில்லங்கமும் இல்லாத" என்று இருக்கிறது. ஆனால் அது நொத்தாரிசு வாய்ப்பாடு. நானே எத்தனையோ உறுதியில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். வில்லங்கம் இருந்த காணிக்கும் அந்த வசனம் விழுந்ததுண்டு. ஆகவே நிச்சயப்படுத்த வேண்டுமானால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் உறுதி இலக்கத்தைக் கொடுத்து அந்தக் காணியின் பதிவுப் பிரதியை எடுங்கள். ஒற்றி, மீட்பு, விற்பனை எல்லாம் வரிசையாக வரும். மீட்பு உறுதி ஒன்று 1912க்கும் 1923க்கும் இடையில் பதிவாகியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கொப்பியில் இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை. ராட்சத வருடம் வைகாசி 16ஆம் தேதிக்குப் பிறகு எழுத்து நின்றுவிடுகிறது. மறுபடி தொடங்குவது ஆடி 20. ராட்சத வைகாசி நடுப்பகுதி என்றால் 1915 மே கடைசி. மே 28 இரவு கண்டியில் வெசாக் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் பல ஊர்களுக்கும் பரவி, ஜூன் தொடக்கத்தில் அரசாங்கம் இராணுவச் சட்டம் கொண்டுவந்தது. தாக்கப்பட்டது முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள். யாழ்ப்பாணத்தார் அதன் இலக்கு இல்லை. ஆனாலும் பக்கத்துக் கடை எரியும்போது எந்தக் கடைக்காரரும் கதவைத் திறந்து வைத்திருக்கமாட்டார். கலவரத்தில்தான் கடை போனது, அதுதான் நொடிப்பு என்று முடிவு கட்ட ஆசையாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் தொகையைப் பார்த்தேன். வைகாசி 16 இரவு கையிருப்பு 61 ரூபாய் 40 சதம். ஆடி 20 காலையில் தொடங்கும் இருப்பு அதே 61 ரூபாய் 40 சதம். கடை கொள்ளைபோயிருந்தால் அந்தக் காசு அப்படியே வந்திருக்காது. பூட்டிவிட்டுப் போய்த் திரும்பித் திறந்திருக்கிறார்கள். கலவரத்துக்காகத்தான் பூட்டினார்களா என்பதற்குத் தேதி ஒத்துப்போவது மட்டுமே சான்று. வீட்டில் ஒரு சாவு, ஒரு காய்ச்சல் என்றாலும் இதே இடைவெளி விழும்.

"திறந்திருக்கிறார்கள்" என்று பன்மையில் சொன்னேன். ஆடிக்குப் பிறகு கையெழுத்து மாறுகிறது. ஐந்துக்குப் போடும் ரு எழுத்தைப் பாருங்கள். முன்னால் வால் கீழே இறங்கி இடப்பக்கம் திரும்புகிறது, பின்னால் நேரே வெட்டிவிட்டது போல் நிற்கிறது. வேறு ஆள். உறுதியில் இருக்கும் பூட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டால் முதல் கைதான் அவருடையது என்று தோன்றுகிறது. அதாவது 1915 ஆடியிலிருந்து கடையில் கணக்கு எழுதியது பங்காளியோ கடைப் பெடியனோ. பூட்டன் ஊரோடு தங்கி, புகையிலை வாங்கிக் கட்டி அனுப்பும் வேலையைப் பார்த்திருக்கலாம். மலையாளச் சிப்பம் ஆறும் அப்போது பொருந்திவரும். ஊருக்குத் திரும்பினார் என்ற பாதி சரிதான். நொடிந்து என்ற பாதிதான் பிந்தி ஒட்டியிருக்கவேண்டும்.

எங்கிருந்து ஒட்டியது? உங்கள் தாத்தாவும் கொஞ்சக் காலம் அதே கடையில் இருந்தார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காலம் என்று கேளுங்கள். 1958இலும் 1977இலும் 1983இலும் தெற்கில் யாழ்ப்பாணத்தார் கடைகள் எரிந்தன, ஆட்கள் கட்டிய துணியோடு ஊருக்கு வந்தார்கள். தாத்தாவுக்கு நடந்ததைப் பேரப்பிள்ளைகள் பூட்டன் தலையில் ஏற்றிச் சொல்வதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒரே ஊர், ஒரே கடை, இரண்டு பேருக்கும் ஒரே பெயரின் முதலெழுத்து என்றால் கதை எளிதில் இடம்மாறும். இது உங்கள் வீட்டிலும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. விசாரிக்கவேண்டிய இடம் அது.

மேலும் தேட இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தின் பழைய சொத்து நிர்வாக வழக்குகள், நாங்கள் டெஸ்டமென்டரி என்றே சொல்வோம். அவர் பெயரில் வழக்கு இருந்தால் அதில் சொத்து விவரம் இருக்கும்: காணி, நகை, கடைச் சரக்கு, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன். நொடிந்தாரா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. சின்னச் சொத்துக்கு வழக்கே போட்டிருக்கமாட்டார்கள், யுத்தத்தில் அழிந்த கட்டுகளும் உண்டு. மற்றது, 1918இல் வந்த வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டம். கடையைத் தன் சொந்தப் பெயரில் நடத்தாமல் ஒரு விலாசத்தில், அதாவது வியாபாரப் பெயரில், நடத்தியிருந்தால் பதிவு இருக்கவேண்டும், பங்காளி பெயரும் அதில் வரும். கொப்பியின் அட்டையில் மூன்று எழுத்து முத்திரை போலத் தெரிவது அந்த விலாசமாக இருக்கலாம். அரசாங்க உத்தியோகத்தராக மலாயாவுக்குப் போன பூட்டன்மாருக்குச் சம்பளப் புத்தகம், பென்சன் கடிதம் என்று கட்டுக் கட்டாக இருக்கும். கடைக்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. கடனும் காணியும் போன வழியில்தான் தேடவேண்டும், அதிலும் பூட்டியின் பெயரில் முதலில் தேடுங்கள்.

இந்தக் காகிதங்கள் தப்பி வந்ததையும் விசாரியுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எங்கள் தெருவில் பலர் அரிசிக்கு முன்னால் எடுத்தது உறுதிப் பெட்டியைத்தான். உறுதியை எடுத்தது புரிகிறது. ஒன்றுக்கும் உதவாத ஒரு கணக்குக் கொப்பியை யார், ஏன் கூடவே எடுத்து வைத்தார்கள்? அந்த ஆள் உயிரோடு இருந்தால் உடனே பேசுங்கள், காணிப் பதிவகம் காத்திருக்கும்.

17ஆம் பக்கத்தை மறுபடி படம் எடுத்துப் போடுங்கள். நேரே வெளிச்சம் அடிக்கவேண்டாம். அறையை இருட்டாக்கி, டோர்ச்சைக் கொப்பியின் ஓரத்தில் படுக்கவைத்துச் சரிந்த வெளிச்சத்தில் எடுத்தால் மை போன இடத்திலும் பேனா அழுந்திய தடம் தெரியும். சிப்பம் ஆறுக்குக் கீழே "விற்ற வகை" என்று தொடங்குவது போல எனக்குத் தெரிகிறது. அடுத்த சொல் ஒரு துறையின் பெயராக இருந்தால், சரக்கு எந்தக் கரையிலிருந்து ஏறியது என்று சொல்லிவிடலாம்.